பதினேழாம் லோட்

லயம் 6, அலோர் காஜா
6.2.1994

அன்புத் தம்பி ஹரிதாஸுக்கு,

அக்கா பவானேஸ்வரி எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். சிங்கப்பூரில் நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னார். கேட்டுவிட்டேன்.

இன்று காலை நம் மனையில் முளை அடித்தோம். நீ வருவாய் என்று அப்பா எட்டு மணி வரை ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். நல்ல நேரம் தாண்டிவிடும் என்று அம்மா சத்தம் போட்ட பிறகுதான் தேங்காயை உடைத்தார்.

அந்த இடம் இப்போது எப்படி இருக்கிறது என்று உனக்குத் தெரியாது. ரோட்டிலிருந்து ஓடை வரை இரண்டு நிரை, நிரைக்குப் பத்தாக, தோட்டத்து இருபது குடும்பத்துக்கும் ஆளுக்கொரு மனையாக இருபது லோட். புல்டோசர் மண்ணைச் சமப்படுத்தியதில் எல்லைக் கல் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. அதனால் அப்பா எண்ணிக்கொண்டே நடந்தார். முதல் நிரையில் ஒன்று முதல் பத்து வரை ஓடைக்கு இறங்கினார். அங்கிருந்து அப்படியே திரும்பி, அடுத்த நிரையில் பதினொன்று, பன்னிரண்டு என்று ரோட்டுப் பக்கம் ஏறி வந்தார். நம் நம்பரான பதினேழில் நின்று முளையை இறக்கினார். முப்பத்து நாலு வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் வேறு எப்படி எண்ணுவார்? ஒரு நிரையில் போய் மறு நிரையில் திரும்புவதுதானே அவருக்குத் தெரிந்த நடை.

“பிளானைப் பார்த்து எண்ணுனா நல்லதுப்பா” என்றேன்.

“அதெல்லாம் போன மாசமே தம்பி நில ஆபீஸுக்குப் போய்ப் பார்த்துட்டான் லா. சரியா இருக்காம். நீ போய்த் தண்ணி எடுத்துட்டு வா” என்றார்.

பிளான் உன்னிடம்தானே இருக்கிறது? அடுத்த முறை கொண்டு வா.

மருதமுத்து மாமாவுக்குப் பதினாலாம் நம்பர். அப்பாவின் எண்ணிக்கைப்படி அது நமக்கு மூன்று லோட் கீழே, மழைத் தண்ணீர் தேங்கும் ஓடைப் பக்கத்துப் பள்ளத்தில். அப்பாவுக்கு இன்று வாய் சும்மா இருக்கவில்லை. “மருதமுத்து, உனக்கு வீடு எதுக்குடா? தூண்டில் ஒண்ணு வாங்கிக்கோ, போதும்” என்று எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரித்தார். மாமாவும் சிரித்தார், கொஞ்சமாக.

டிசம்பர் முடிவதற்குள் தோட்டத்து லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். தோட்டத்தை வாங்கியவர்கள் அதன்பின் ஒரு நாள்கூடப் பொறுக்க மாட்டார்களாம். அதற்குள் நம் நாலு பேர் கையாலேயே வீடு எழும்ப வேண்டும் என்பது அப்பாவின் பிடிவாதம். நாலு பேரில் நீயும் ஒருவன். ஞாபகப்படுத்துகிறேன்.

அன்புடன்,
அக்கா


சிங்கப்பூர்
27.2.1994

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். நான் நலம். அப்பா, அம்மா, உன் நலத்திற்கு முருகனை வேண்டுகிறேன்.

கப்பல் பட்டறையில் ஞாயிறுகூட ஓவர்டைம். வர முடியவில்லை என்று கோபப்படாதே. ஒரு பெரிய கப்பல் வந்து நிற்கிறது, அது போனால்தான் எங்களுக்கு மூச்சு. பிளான் பத்திரமாக என் பெட்டியில் இருக்கிறது. அப்பாவின் கணக்கு என்றைக்குத் தப்பியிருக்கிறது, கவலைப்படாதே.

வீடு கொஞ்சம் எழும்பியதும் ஒரு படம் எடுத்து அனுப்பு. என்னோடு தங்கியிருக்கும் பையன்களிடம் காட்ட வேண்டும்.

உன் தம்பி,
ஹரிதாஸ்


லயம் 6
10.4.1994

தம்பிக்கு,

எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். நீயும் இருப்பாய்.

நீ கேட்ட படம் இதோடு இருக்கிறது. சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்துவிட்டது. கையில் மட்டப்பலகையோடு நிற்பது அப்பா. ஓரத்தில், தலையில் துண்டு கட்டிக்கொண்டு, சிமெண்டு அப்பிய ஆளாகத் தெரிவது நான். புக்கிட் ரம்பாய் ஃபேக்டரியில் காலை ஷிப்டு முடித்து, பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக அங்கேதான் போகிறேன். ஒரு தடவைக்கு இரண்டு கல் தூக்குவேன். அம்மா மணல் சலித்துச் சலித்து உள்ளங்கை வெடித்துப் போய்விட்டது, சோறு பிசைந்தால் எரிகிறது என்று கரண்டியால் சாப்பிடுகிறார்.

நீ இரண்டு மாதமாக வரவில்லை. சிங்கப்பூர் என்ன சீமையா? பஸ் ஏறினால் நாலு மணி நேரம். முதல் நிரைக்கார மாணிக்கத்தின் மகன் கோலாலம்பூரிலிருந்து ஞாயிறுதோறும் வந்து அவன் அப்பாவுக்கு வேலி போட்டுக் கொடுக்கிறான். அதை அப்பா பார்க்காத மாதிரி பார்க்கிறார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இதுவரை சொன்னதில்லை. ஃபாரம் த்ரீயோடு என் படிப்பை நிறுத்தியது எதற்கு? “ஆம்பளைப் பிள்ளை படிச்சா வீட்டுக்கு ஒரு எழுத்து தெரிஞ்ச ஆள் ஆச்சு” என்றுதானே? அந்த எழுத்து தெரிந்த ஆள் எங்கே?

படத்தைப் பார்த்துவிட்டு உடனே பதில் போடு. அப்பா காத்திருக்கிறார்.

அக்கா


சிங்கப்பூர்
12.6.1994

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். அனைவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். எனக்குக் காய்ச்சல், அதனால்தான் எழுதத் தாமதம். இப்போது பரவாயில்லை.

படம் கிடைத்தது. சுவர் நேராக இருக்கிறது, அப்பா கை அப்பா கைதான். படத்தில் பின்னால் ஒரு தண்ணீர்க் குழாய் தெரிகிறதே, அது வீட்டுக்கு இடது பக்கமா, வலது பக்கமா? ரோட்டிலிருந்து நம் லோட் எத்தனையாவது? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

கூரை வேலையை அவசரப்பட்டு ஆரம்பிக்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல். கொஞ்சம் பொறுத்துப் போடலாம். சுவர் நன்றாகக் காயட்டும்.

உன் தம்பி,
ஹரிதாஸ்


லயம் 6
19.6.1994

தம்பிக்கு,

உன் காய்ச்சல் தேவலையானதில் சந்தோஷம். இனி என் காய்ச்சலைக் கேள்.

இரண்டு மாதம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, குழாய் இடமா வலமா என்று கேட்கிறாயே, உனக்கே வெட்கமாக இல்லை? இடது பக்கம். ரோட்டிலிருந்து நாலாவது லோட். போதுமா? அம்மாவின் கை எப்படி என்று ஒரு வரி இல்லை. அப்பாவின் கால் பெருவிரல் கல் விழுந்து நசுங்கியதை நான் எழுதவில்லை, அது உனக்கு எப்படித் தெரியும் என்று விட்டுவிடுகிறேன். ஆனால் கேட்கலாமே?

கூரையைப் பொறுத்துப் போட வேண்டுமாம்! ஊருக்கு உபதேசம். மழை வந்தால் சிங்கப்பூரிலிருந்து குடை பிடிப்பாயா? அப்பாவிடம் நீ சொன்னதைச் சொன்னேன். “தம்பி சொன்னா காரணம் இருக்கும்” என்று இரண்டு நாள் வேலையை நிறுத்தினார். உன் கடிதத்தில் காரணம் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் நானே சட்டத்தைத் தூக்கிக் கொடுத்து ஆரம்பிக்கச் சொல்லிவிட்டேன்.

அக்கா


லயம் 6
7.8.1994

தம்பிக்கு,

நலம். போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை, அதனால் நீ நலம் என்றே வைத்துக்கொள்கிறேன்.

கூரைத் தகரம் போட்டாகிவிட்டது. ஆள் இல்லாமல் இடிக்கப் போகும் ஒரு லயத்தின் உத்திரத்தையே கேட்டு வாங்கி, நானும் அப்பாவும் தோளில் சுமந்து கொண்டு வந்தோம். வாசக்கால் வைத்த அன்று, வீட்டுப் பிள்ளை பிடிக்க வேண்டிய பக்கத்தை மருதமுத்து மாமா பிடித்தார். அப்போதும் அப்பா அவரை விடவில்லை. “பிடிடா பிடி, உன் வீட்டுக்குப் படகுலதான் வாசக்கால் கொண்டாரணும்” என்றார். மங்களம் அத்தைக்கு முட்டி வலி, ரோட்டுக் குழாயிலிருந்து அந்தப் பள்ளம் வரை தண்ணீர் எப்படித் தூக்குவாள் என்று மாமா கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறார். இவருக்குக் கேலி.

உன்மேல் எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு இந்தத் தாள் போதாது.

அக்கா


சிங்கப்பூர்
21.8.1994

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நலம். கூரை போட்டது அறிந்தேன். அப்பாவை வெயிலில் ஏற விடாதே.

மருதமுத்து மாமா வீடு கட்ட ஆரம்பித்துவிட்டாரா? பக்கத்தில் வேறு யாராவது ஆரம்பித்தார்களா? எழுது.

ஹரிதாஸ்


லயம் 6
2.10.1994

ஹரிதாஸ்,

இங்கே யாரும் நலமில்லை.

புதன்கிழமை நில அளவைக்காரர்கள் நாலு பேர் வந்தார்கள். பட்டா கொடுப்பதற்கு முன் எல்லைக் கல்லை மறுபடி நடுகிறார்களாம். எனக்கு மதிய ஷிப்டு, புது வீட்டில்தான் இருந்தேன். கதவுக்கு அப்பா சிவப்புச் சாயம் அடித்துக்கொண்டிருந்தார். அவர்களில் ஒருவர் பிளானையும் வீட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “மருதமுத்துவா?” என்று அப்பாவைக் கேட்டார்.

“நான் தம்புசாமி. லோட் பதினேழு” என்றார் அப்பா, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

“இது பதினாலு” என்றார் அவர்.

பிளானில் இரண்டாவது நிரையும் ரோட்டிலிருந்தே தொடங்குகிறது. பதினொன்று ரோட்டு ஓரம், இருபது ஓடை ஓரம். நிரைக்கு நிரை திரும்பி எண்ணுவது நம் ஜனங்கள் மட்டும்தான். அப்பாவைக் கேட்டு அந்த நிரையில் பத்து வீட்டுக்காரரும் தலைகீழாக இடம் பிடித்திருக்கிறார்கள். மற்றவர்கள் ஒரு கல்கூட வைக்கவில்லை, மூட்டை முடிச்சோடு நகர்ந்துவிட்டார்கள். கட்டி முடித்து நிற்பது நாம் மட்டும், மருதமுத்து மாமாவின் மண்ணில். நம் பதினேழு, அப்பா எட்டு மாதமாகக் கேலி செய்த அதே பள்ளம்.

அப்பா அங்கேயே எண்ண ஆரம்பித்தார். இறங்கினார், ஏறினார். மறுபடி இறங்கினார், ஏறினார். மூன்று முறை. பிறகு பெரிய சுத்தியலை எடுத்து வந்து வாசக்காலுக்குப் பக்கத்துச் சுவரில் ஓங்கி ஒரு அடி அடித்தார். தலையளவு ஓட்டை விழுந்தது. அடுத்த அடிக்குள் அம்மா ஓடிப்போய்ச் சுவரோடு முதுகை ஒட்டி நின்றுகொண்டார். “அடிங்க, என்னையும் சேர்த்து அடிங்க” என்றார். சுத்தியல் கீழே விழுந்தது.

நான் மருதமுத்து மாமாவிடம் போனேன். இரண்டு லோட்டையும் மாற்றி எழுதிக்கொள்ளலாம், இருவரும் சம்மதித்து நவம்பர் முப்பதுக்குள் நில ஆபீஸில் கையெழுத்துப் போட்டால் போதும் என்று அளவைக்காரர்களே சொல்லியிருக்கிறார்கள். அதற்கப்புறம் பட்டா வந்துவிடும், ஒன்றும் செய்ய முடியாது. டிசம்பரில் லயமும் போகும். மாமா கேட்டார், “பவானி, எனக்கு மேடு கிடைச்சிருக்கு. ரோட்டுப் பக்கம், குழாய்ப் பக்கம் கிடைச்சிருக்கு. உங்க அத்தை முட்டிக்கு அந்த முருகனே பார்த்துக் கொடுத்தது. நான் ஏன்மா பள்ளத்துக்குப் போகணும்?”

அவர் கேட்டது நியாயம். உன்னிடம் இதற்குப் பதில் இருக்கிறதா?

திரும்பி வந்து உன் கடிதங்களை எல்லாம் எடுத்தேன். ஜூன் மாதக் கடிதத்தைப் பத்துத் தடவை படித்தேன். குழாய் இடமா வலமா? ரோட்டிலிருந்து எத்தனையாவது? கூரையைப் பொறுத்துப் போடு. பிறகு ஆகஸ்டில், மருதமுத்து மாமா ஆரம்பித்துவிட்டாரா? இப்போது சொல், ஹரிதாஸ். உனக்குத் தெரியும்தானே? படம் பார்த்த அன்றே தெரியும்தானே? அன்று சுவர் ஜன்னல் மட்டத்தில் நின்றது. கூரை இல்லை. ஒரு வரி எழுதியிருந்தால் கல்லைப் பிரித்தாவது எடுத்திருப்போமே.

அந்தத் தாளை என் கையில் கொடுத்திருந்தால் ஐந்து நிமிஷத்தில் பார்த்துச் சொல்லியிருப்பேன். எனக்கும் எண் தெரியும். எனக்கும் மலாய் படிக்கத் தெரியும். அப்பா உன்னிடம் கொடுத்தார்.

பவானேஸ்வரி


சிங்கப்பூர்
16.10.1994

அக்கா,

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

தெரியும்.

ஜனவரியில் அப்பா பிளானைக் கொடுத்து ஆபீஸில் ஒருமுறை சரிபார்த்து வரச் சொன்னார் அல்லவா? அலோர் காஜா டவுனில் நில ஆபீஸ் வரைக்கும் போனேன். ஆபீஸில் கூட்டம். அரை மணி நேரம் நின்றேன். மறுநாள் எனக்குச் சிங்கப்பூர் திரும்ப வேண்டும், கூட்டாளிகள் டவுனில் காத்திருந்தார்கள். அவர்களோடு சினிமாவுக்குப் போய்விட்டு வந்து, “எல்லாம் சரியா இருக்குப்பா” என்றேன். அப்பா என் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

நீ அனுப்பிய படம் வந்த அன்று, பையன்களிடம் காட்ட நம் இடம் எது என்று பிளானை விரித்தேன். பிளான்படி நம் லோட் ஓடைப் பக்கத்தில், படத்திலோ ரோட்டுக் குழாய் வீட்டுக்குப் பின்னாலேயே தெரிந்தது. அன்று ராத்திரியே எழுத உட்கார்ந்தேன். அப்பா எல்லாரிடமும் “என் மகன் பார்த்துட்டான்” என்று சொல்லியிருப்பாரே என்று நினைத்ததும் எழுத வரவில்லை. நாளைக்கு எழுதலாம் என்று வைத்தேன். ஒவ்வொரு நாளும் சுவர் ஏறியிருக்கும், ஒவ்வொரு நாளும் எழுதுவது இன்னும் கஷ்டமானது. காய்ச்சல் பொய். ஓவர்டைமும் பாதி பொய். வந்தால் அப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே என்றுதான் வரவில்லை.

பிளானை இதோடு வைத்திருக்கிறேன். நான் என்ன செய்ய வேண்டும், சொல். செய்கிறேன்.

ஹரிதாஸ்


லயம் 6
30.10.1994

மகன் ஹரிதாசுக்கு அப்பா தம்புசாமி எழுதுவது. நாங்கள் இருக்கிறோம்.

நான் எண்ணினது தப்பு. தெரிந்த மாதிரி எண்ணினேன், தப்பாகிவிட்டது. அதற்கு மருதமுத்து காலில் விழவும் எனக்கு வெட்கம் இல்லை. போனேன். அவன் ஒன்று சொன்னான். “உன் தப்பை நான் கேட்கல தம்புசாமி. பார்த்துட்டேன்னு சொன்னவன் வந்து என் மூஞ்சிக்கு நேரா சொல்லட்டும். அப்புறம் பேசுவோம்” என்றான்.

தீபாவளிக்கு நீ வர வேண்டாம். மருதமுத்து சொன்ன நாள் நவம்பர் 27 ஞாயிற்றுக்கிழமை, அன்று வா. நேராக மருதமுத்து லயத்துக்குப் போ.

என்னிடம் நீ பொய் சொன்னதைவிட, நான் கல் தூக்குவதைத் தெரிந்தே பார்த்துக்கொண்டு இருந்தாயே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

தம்புசாமி


லோட் 14, அலோர் காஜா
22.1.1995

தம்பி ஹரிதாஸுக்கு,

மேலே எழுதியிருக்கும் விலாசத்தைப் பார். இங்கே மூவரும் சுகம். அம்மாவின் கை ஆறிவிட்டது.

எனக்குக் கோபம் தீரவில்லை. தீர்ந்த பிறகு எழுதலாம் என்று இருந்தால் இந்தக் கடிதம் உனக்கு வரவே வராது, அதனால் கோபத்தோடே எழுதுகிறேன்.

அன்றைக்கு நீ மருதமுத்து மாமா முன்னால் நின்று, “தப்பு என்னுது மாமா, அப்பாவுது இல்ல” என்றபோது நான் அவர் வீட்டு அடுப்படிக் கதவுக்குப் பின்னால்தான் இருந்தேன். “இதைச் சொல்ல ஏழு மாசமாடா?” என்று அவர் கேட்டதற்கு நீ அழுததும் தெரியும். நீ அழுதாய் என்று நான் இரங்கவில்லை. ஆறு மணி பஸ்ஸுக்கு ஓடினாயே, வாசலில் அப்பா நின்றுகொண்டிருந்தார், அவரைத் தாண்டிப் போனாயே, அதற்கு இன்னொரு தனிக் கோபம் வைத்திருக்கிறேன்.

மாமா சொன்னபடி திங்கட்கிழமையே கையெழுத்துப் போட்டுவிட்டார். அவருடைய நிபந்தனை உனக்குத் தெரியும். பள்ளத்தில் மண் கொட்டி நம் லோட் உயரத்துக்கு ஏற்றித் தர வேண்டும். குழாயை அவர் வாசல் வரை இழுத்துத் தர வேண்டும். நம் வீட்டை எப்படிக் கட்டினோமோ அப்படியே, கூலிக்கு ஆள் வைக்காமல், நம் கையாலேயே அவர் வீட்டையும் கட்டித் தர வேண்டும். வீடு எழும்பும் வரை அவரும் அத்தையும் நம்மோடுதான் இருக்கிறார்கள். முன்னறை அவர்களுக்கு. அத்தை வந்த இரண்டாம் நாளே அம்மாவோடு உப்புக்குச் சண்டை போட்டுவிட்டார், அதனால் சௌகரியமாகத்தான் இருக்கிறார் என்று தெரிகிறது.

மண் கொட்டி முடித்து இன்று காலை அங்கே முளை அடித்தோம். தேங்காய், வெற்றிலை எல்லாம் வைத்தாயிற்று. அப்பா மடியிலிருந்து நீ அனுப்பிய பிளானை எடுத்தார். விரித்துப் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

“இந்தாம்மா. நீ எண்ணு.”

எண்ணினேன். ரோட்டு ஓரத்துப் பதினொன்றில் தொடங்கி, தாளைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு கல்லையும் காலால் தொட்டு எண்ணினேன். அப்பா என் பின்னாலேயே வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு வந்தார். பதினேழில் நின்றேன். மருதமுத்து மாமா சும்மா இருப்பாரா? “தம்புசாமி, தூண்டில் கொண்டாந்தியாடா?” என்றார். செப்டம்பருக்குப் பிறகு இன்றுதான் அப்பா சிரித்ததைப் பார்த்தேன்.

எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. அந்தத் தாள் என் கைக்கு வர ஒரு வீடு தப்பாக எழும்ப வேண்டியிருந்ததே என்று கோபம்தான் வந்தது. இது உன்மேல் மட்டும் உள்ள கோபம் இல்லை. ஆனால் உனக்குத்தான் எழுத முடிகிறது.

மார்கழியில் குடிவந்ததால் தள்ளி வைத்த புதுமனை புகுவிழா தை மாதம், பிப்ரவரி 10ஆம் தேதி வெள்ளிக்கிழமை. உனக்குப் பத்திரிகை வைக்கவில்லை. வீட்டுக்காரனுக்கு யாரும் பத்திரிகை வைப்பதில்லை.

சுவரெல்லாம் பூசி, சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது. வாசக்காலுக்குப் பக்கத்தில் அப்பா சுத்தியலால் போட்ட ஓட்டை மட்டும் அப்படியே இருக்கிறது. மழை பெய்தால் தண்ணீர் உள்ளே வருகிறது. நான் இரண்டு முறை சிமெண்டு குழைத்துக்கொண்டு போனேன். இரண்டு முறையும் அப்பா கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார். “அதை விடு. அது அவன் பூச வேண்டியது” என்கிறார்.

அரை மூட்டை சிமெண்டு மீதி இருக்கிறது. கெட்டிப்படுவதற்குள் வா.

அக்கா
பவானேஸ்வரி